மேசைமேல் ஒரு கடாரப் படையெடுப்பு



கோலா கெத்தில் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்குக் கெத்தில் ஆறு புதிதன்று. அது மூடா ஆற்றோடு கலக்கிறது. மூடா ஆறு மேற்கே ஓடிக் கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை நிற்கிறது. பழங்காலத்து மாலுமிகளுக்கு அதுவே கரைகாட்டும் அடையாளம். அம்மலையின் தெற்கே உள்ள பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதியே பழைய கடாரம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். 1025ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கிய கடாரம் அது.

இந்தப் படையெடுப்பை நம் பிள்ளைகள் பாடநூலில் ஒரு வரியாகப் படித்து மறந்துவிடுகிறார்கள். அதனை வீட்டு மேசைமேல், தனி ஒருவராகவே ஆடிப் பார்க்கலாம். எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

போரை ஆடிப் பார்ப்பது புதிய பழக்கமன்று. நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்தும் சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது. 1824இல் பிரஷ்ய நாட்டுப் படையதிகாரிகள் நிலப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் பயிற்சி பெறத் தொடங்கினர். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக எழுதினார். எதிரே உட்கார ஆளில்லாதவர்கள் தனியே ஆடுவதற்கென்று டொனால்ட் பெதர்ஸ்டோன் என்பவர் 1973இல் ஒரு நூல் வெளியிட்டார்.

நமக்குப் பொம்மை வாங்கும் செலவு வேண்டாம். ரப்பர் கொட்டை பத்து எடுங்கள், அவை கப்பல்கள். சிவந்த மஞ்சாடி விதைகள் படைவீரர்கள். புளியங்கொட்டை பன்னிரண்டு; அது கப்பலில் உள்ள அரிசியும் குடிநீரும். ஆறு முகமுள்ள பகடை ஒன்று போதும். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இடப்பக்கம் நாகப்பட்டினம், வலப்பக்கம் கடாரம், இடையே நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார் தீவுகள், தெற்கே சுமத்ராவின் ஸ்ரீவிசயம் என்று வரைந்துகொள்ளுங்கள். நாகையிலிருந்து கடாரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். நக்கவாரம் ஏறத்தாழ 1,500.

ஒரு வீச்சு என்பது மூன்று நாள். ஐந்தோ ஆறோ விழுந்தால் நல்ல காற்று: 300 கிலோமீட்டர். மூன்று, நான்குக்கு 200. இரண்டுக்கு 100. ஒன்று விழுந்தால் புயல். கப்பல் நகராது, ஒரு ரப்பர் கொட்டையையும் எடுத்துவிட வேண்டும். வீச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை குறையும். ஆடிப் பாருங்கள். பல முறை கரை தெரியுமுன்னே உணவு தீர்ந்துவிடும். நக்கவாரத்தில் இறங்கித் தண்ணீரும் தேங்காயும் ஏற்றினால் நான்கு கொட்டை கூடும். ஆனால் அங்கே தங்கினால், படை வரும் செய்தி கடாரத்தை முந்திச் சேரும். எதைச் செய்வீர்கள்?

இனி எதிர்ப்பக்கம். இங்கேதான் தனி ஆட்டத்தின் அருமை இருக்கிறது. எழுந்து மேசையின் மறுபக்கம் போய் உட்காருங்கள். இப்போது நீங்கள் கடாரத்துத் தளபதி. செய்தி வந்துவிட்டதென்றால் என்ன செய்யலாம் என்று மூன்று வழிகளை எழுதுங்கள். ஆற்று முகத்தை அடைத்து நிற்பது ஒன்று. மக்களையும் பண்டங்களையும் ஆற்றின் மேற்பகுதிக்கு, நம் கெத்தில் பக்கமாகவே, கொண்டுபோவது இரண்டு. தூதனுப்பிச் சமாதானம் பேசுவது மூன்று. பகடை அவற்றுள் ஒன்றைத் தீர்மானிக்கட்டும். பிறகு சோழன் பக்கம் திரும்பி வந்து அதற்கு விடை தேடுங்கள். அன்றன்று நடந்ததை ஒரு பள்ளி ஏட்டில் குறித்து வையுங்கள்.

இந்த ஆட்டத்தால் வரலாற்றில் என்ன விளங்கும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இப்படையெடுப்பு பொறிக்கப்பட்டுள்ளது. பதின்மூன்று இடங்களின் பெயர்கள் அதில் வருகின்றன. ஸ்ரீவிசயம் முதலில், கடாரம் கடைசியில். அதுதான் படை சென்ற வரிசையா என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. இரண்டு வரிசையிலும் ஆடிப் பார்த்தால் அந்த வாதத்தின் உள்ளீடு உங்களுக்கே புரியும். கப்பல்கள் பல என்று கல்வெட்டு சொல்கிறது. எத்தனை என்று சொல்லவில்லை. அரசனின் பெயர் இருக்கிறது. பிடிபட்ட மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனின் பெயரும் இருக்கிறது. துடுப்புப் போட்டவன், சோறு வடித்தவன், பாய் தைத்தவன் பெயர் இல்லை. தோட்டத்து இலாபக் கணக்கில் விடியற்காலையில் பால் வெட்டிய கைகள் எழுதப்படுவதில்லை அல்லவா? கல்வெட்டும் அப்படித்தான். நம் மேசையிலோ புளியங்கொட்டை தீர்ந்தால் மன்னனும் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. கடாரங்கொண்டான் என்ற பட்டத்தைச் சொல்லும்போது நமக்குப் பெருமிதம் வருகிறது. மொழியால் நாம் அந்தப் பக்கத்தவர். ஆனால் இன்று நாம் குடியிருப்பது கொள்ளப்பட்ட இந்தப் பக்கத்தில். இரண்டு நாற்காலியும் நம்முடையவைதாம்.

அந்த இரு கரைகளுக்கும் இடையே போர் மட்டுமே இருந்ததா? இல்லை. 1006 வாக்கில் கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக்கினான். படையெடுப்புக்குப் பின், 1090இல், கடாரத்துத் தூதர் கேட்டுக்கொண்டபடி குலோத்துங்கன் அந்த விகாரத்துக்கான கொடைகளை மீண்டும் உறுதி செய்தான். ஆகவே உங்கள் ஆட்டத்தில் சமாதானத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அது கற்பனை அன்று, நடந்த வரலாறு.

விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை மெர்போக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைக் காணலாம். 2013இல் இதே பள்ளத்தாக்கில் பழங்கோயில் ஒன்றின் எச்சம் நிலமேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. அதன் அருமை தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றிருந்தால் தடுத்திருப்பார்கள். மேசையில் ஆடிப் பழகிய பிள்ளை, அத்தகைய கல்லை வெறுங்கல்லாகப் பார்க்காது.