50 ஹெர்ட்ஸ் மாரியோ

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, லேப்டாப்பில் எமுலேட்டர் வழியாகப் பழைய சூப்பர் மாரியோவைப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் தெருவில் அதை முதலில் முடித்தவள் அவள்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவாள் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. அன்று முதல் காளான் பொம்மையிலேயே செத்தாள். அடுத்து பள்ளத்தில் விழுந்தாள். "கை மறந்துபோச்சுடா" என்று சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் தள்ளிவைத்தாள்.

எனக்கு உறுத்தியது பாட்டு. அது அவசரமாக ஓடுகிற மாதிரி இருந்தது.

விஷயம் மின்சாரத்தில் ஆரம்பிக்கிறது. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற எண்ணை, தொலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் வீட்டுக்கு வரும் கரண்டிலிருந்து எடுத்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கரண்டின் இரைச்சல் திரையில் பட்டையாக ஊர்ந்து போகும். அமெரிக்காவில் 60, ஐரோப்பாவில் 50. ஜப்பான் அமெரிக்க வழியில் போனது. நம் மின்சாரம் 50. 1982இல் கலர் டிவி வந்தபோது பால் என்கிற ஐரோப்பிய முறையை எடுத்துக்கொண்டோம். (குடிக்கிற பால் இல்லை.)

1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியில் விளையாட்டுக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. டிவி ஒரு படத்தை வரைந்து முடித்ததும் படச் சில்லு பிராசசரைத் தட்டி எழுப்பும். உடனே மாரியோ ஒரு அடி நகர்வான், எதிரி ஒரு அடி நகர்வான், பாட்டு கொஞ்சம் முன்னேறும். நொடி என்ற கணக்கே அதற்குள் இல்லை, தட்டல்கள் மட்டும்தான். நொடிக்கு 60 தட்டல் என்று நினைத்துத்தான் 1985இல் மாரியோவின் ஓட்டத்தை அளந்து வைத்தார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ, நம் டிவிக்கு ஏற்ப 50 முறை தட்டும் நகல் பெட்டி. உள்ளே சொருகிய கேசட்டில் இருந்தது 60க்கு எழுதிய புரோகிராம். ஜப்பான் பையன் 10 நொடியில் ஓடிய தூரத்தை நாங்கள் 12 நொடியில் ஓடினோம். பாட்டில் சுருதி கிட்டத்தட்ட அதேதான், ஏனென்றால் அது பிராசசரின் வேகத்திலிருந்து வருகிறது. காலப்பிரமாணம் மட்டும் இறங்கிவிட்டது.

நிண்டெண்டோ ஐரோப்பாவில் மாரியோவை விற்றபோது வேகத்தைத் திருத்தித்தான் விற்றது. எல்லாரும் அந்த சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வேகத்தையே விளம்பரம் செய்த செகாவின் சோனிக் 1991இல் ஐரோப்பிய டிவிகளில் மெதுவாக, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடியது. நகல் பெட்டிக்காரனுக்கு இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

இந்தக் கட்டாயத்தை அழகாக்கியவரும் உண்டு. 1978இல் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள். ஒரு ஃபிரேமுக்கு ஒருவர்தான் நகர முடியும். அதனால் மொத்தக் கூட்டமும் ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். சுடச்சுட ஆள் குறையும், வேகம் கூடும். கடைசி ஆள் ஒவ்வொரு ஃபிரேமிலும் பாய்வான். நிஷிகாடோ இதைக் கவனித்துவிட்டு அப்படியே விட்டார். கடைசி ஆளைச் சுடும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

பிறகு புரோகிராமர்கள் கடந்துபோன நேரத்தை அளந்து, அதற்குத் தக்கபடி நகர்த்தக் கற்றார்கள். ஆனாலும் பழைய முடிச்சு முழுசாக அவிழவில்லை. 1999இன் குவேக் 3இல் 125 ஃபிரேம் வைத்தவன் மற்றவனைவிட உயரமாகக் குதித்தான், கணக்கை முழு எண்ணாக்கும் இடத்தில் நடந்த கோளாறு அது. 2014இல் டார்க் சோல்ஸ் 2 கணினிக்கு வந்தபோது, 60 ஃபிரேமில் ஆடியவர்களின் வாள் இரட்டை வேகத்தில் தேய்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதிரி வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

இப்போது என் மேஜையில் இருப்பது 144 ஹெர்ட்ஸ் திரை. ஒரு ஃபிரேம் 7 மில்லி நொடிக்கும் குறைவு. 60இல் அது 17 மில்லி நொடி. பட்டனை அழுத்துவதற்கும் கண் பார்ப்பதற்கும் நடுவிலுள்ள தாமதம் குறைகிறது, ஓடுகிற உருவம் இழுபடாமல் தெரிகிறது. 60இலிருந்து 144க்கு வந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. 240, 360 என்று விற்பதெல்லாம் போட்டியில் ஆடுகிறவர்களுக்கு. என் கண்ணுக்கு எட்டவில்லை. ஆனால் எந்தத் திரையில் ஆடினாலும் எதிரி ஒரே நேரத்தில்தான் வந்து சேருகிறான். அக்காவின் டிவியில் எதிரியே தாமதமாக வந்தான். அவள் விரல் பழகியது அந்தத் தாமதத்துக்கு.

பொங்கலுக்குப் போனபோது எமுலேட்டரில் 60ஐ 50 ஆக்கி, நடந்ததைச் சொல்லி, மறுபடி கொடுத்தேன்.

"அப்ப நாம இத்தனை நாள் ஆடினது தப்பான மாரியோவா?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் பள்ளத்தைத் தாண்டி, குழாய்க்குள் இறங்கி, காசெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பையன் எட்டிப் பார்த்தான். "ஏம்மா இவன் இப்படி நொண்டுறான்?"

"சும்மா இருடா," என்றாள் அக்கா, "இதான் கரெக்ட் ஸ்பீடு."