குறுக்குவழி: ஓர் அம்புக்குறியின் வரலாறு

படவுருவின் இடது கீழ்மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி தென்படுமாயின், அது கோப்பு அன்று. கோப்பு இருக்குமிடத்தைச் சொல்லும் முகவரிச் சீட்டு மட்டுமே. இந்த எளிய வேறுபாட்டை நம் புறநகர்கள் விலை கொடுத்தே கற்றன.

1983-இல் யூனிக்ஸின் பெர்க்லி பதிப்பில் குறியீட்டு இணைப்பு வந்தது. 1991-இல் மெக்கின்டாஷில் 'ஏலியஸ்' வந்தது. எனினும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறிந்தது, 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 கொணர்ந்த 'ஷார்ட்கட்' ஒன்றையே.

2000-களில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் டிடிபி சென்டர்களையும் பிரவுசிங் சென்டர்களையும் நினைவுகூர்வோம். ஆய்வேடும் கவிதைத் தொகுப்பும் பிளாப்பியிலும் பின்னர் பென் டிரைவிலும் அங்கே வந்து சேர்ந்தன. வீட்டுக் கணினியின் முகப்புத்திரையிலிருந்து இழுத்துப் போட்டது கோப்பல்ல, குறுக்குவழி என்பது கடையில்தான் தெரியவரும். இருநூறு பக்க ஆய்வேட்டின் அளவு ஓரிரு கிலோபைட் என்று காட்டும்போதே ஐயுற வேண்டும். வலச் சொடுக்கில் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'டார்கெட்' என்ற வரியைப் படித்தால் உண்மை விளங்கும்: மூலம் வீட்டில் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் 'ஈ' என்றிருந்த பென் டிரைவ் கடையில் 'ஜி' ஆகிவிடும். பழைய எழுத்தை நம்பிய குறுக்குவழி வழிதவறும்.

இவை கவனக்குறைவால் நேர்ந்தவை. அடுத்து வந்தது சூழ்ச்சி. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், குறுக்குவழியின் படவுருவைத் திரையில் காட்டிய அளவிலேயே இயங்கவல்லதாக இருந்தது. சைமன்டெக் நிறுவனத்தின் அன்றைய கணக்கில், மிகுதியாகத் தாக்குண்ட நாடுகளுள் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா நின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 அன்று மைக்ரோசாஃப்ட் அத்துளையை அடைத்தது. 2011 பிப்ரவரியில் பென் டிரைவின் தானியங்கு வசதியையும் முடக்கியது. நச்சுநிரல்களோ நம் விரலையே நம்பத் தொடங்கின: கோப்புறைகளை மறைத்து, அதே பெயர்களில் குறுக்குவழிகளை வைத்தன. நாம் சொடுக்குவோம், நிரல் இயங்கும்.

இங்கேதான் பேரிழப்பு நேர்ந்தது. 'எல்லாம் போயிற்று' என்றெண்ணிப் பலர் பென் டிரைவை ஃபார்மேட் செய்தனர். உண்மையில் கோப்புகள் அழியவில்லை. 'மறைவு', 'அமைப்பு' என்னும் இரு குறிகள் இடப்பட்டிருந்தன, அவ்வளவே. 'அமைப்பு'க் குறி இருக்கும்வரை விண்டோஸின் 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'மறைவு'க் குறியை நீக்க இயலாது. கட்டளைச் சாளரத்தில் 'அட்ரிப்' கட்டளையால் இரண்டையும் சேர்த்தே நீக்கினால் யாவும் மீளும். நச்சுநிரலைத் துடைத்த பிறகே அதைச் செய்தல் வேண்டும். இல்லையேல் மீண்டும் மறையும்.

மாற்று வழி குரோம்பேட்டையிலேயே இருந்தது. எம்.ஐ.டி. வளாகத்து ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் இணைந்து 2005 முதல் நடத்திய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தின் முயற்சியில் 'பாஸ் லினக்ஸ்' உருவாயிற்று. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றது. லினக்ஸ் அம்மறைவுக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸ் நச்சுநிரலும் அங்கே இயல்பாக இயங்காது. மாணவர் பையிலேயே மருந்து இருந்தும், அதைத் திறந்து பார்த்தோர் சிலரே.

பெயரைப் பொருளென்று மயங்குவது நமக்குப் புதிதன்று. அம்மயக்கத்தில் கைப்பிரதிகள் மாண்டன என்பதே இவ்வரலாற்றின் துயரம். ஃபார்மேட் செய்யுமுன் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.