யார் தேடினாலும் கிடைக்கணும்: இழுப்பறைப் பீரோவின் கதை

ஆபீஸ்ல ஒரு பழைய கடிதம் வேணும். உடனே என்ன சொல்வோம்? "அது அவருக்குத்தான் தெரியும், அவரைக் கூப்பிடுங்க" என்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான அலுவலகங்கள் இப்படித்தான் ஓடின.

1874-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வில்லியம் வூட்டன் என்பவர் ஒரு மேஜைக்குக் காப்புரிமை வாங்கினார். பீரோ மாதிரி இரண்டு பெரிய கதவுகள். திறந்தா உள்ளே நூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அறைகள். அந்தக் காலத்தில் கடிதத்தை நீளவாக்கில் மடிச்சு, வெளிப்பக்கத்தில் அனுப்பியவர் பெயரையும் தேதியையும் எழுதி, அறைகளில் செருகி வைப்பாங்க. சாயங்காலம் கதவுகளைச் சாத்தி ஒரே சாவியில் பூட்டிடலாம். எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ராக்ஃபெல்லரிடமும் இந்த மேஜை இருந்தது.

அழகான ஏற்பாடுதான். ஆனா எந்த அறையில் எது இருக்கு என்பது மேஜைக்காரரின் மண்டைக்குள்ளதான் இருந்தது. அவர் ஊருக்குப் போயிட்டா வேலை நின்னுடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வந்த கடிதம் இந்த அறையில். அனுப்பிய கடிதத்தின் நகலோ தைத்த நோட்டில், தேதி வரிசையில். ஒரு வாடிக்கையாளரோடு நடந்த பேச்சு முழுசா தெரியணும்னா இரண்டையும் புரட்டணும். தொழில் பெருத்து, டைப்ரைட்டரும் கார்பன் பேப்பரும் வந்து காகிதம் குவிந்தபோது இந்த முறை தாங்கலை.

விடை வந்தது நூலகத்திலிருந்து. அங்கே புத்தகப் பட்டியலை ஒரே அளவு அட்டைகளில் எழுதி, டிராயரில் நிறுத்தி வைத்திருந்தாங்க. புதுப் புத்தகம் வந்தா நடுவில் ஒரு அட்டையைச் செருகினால் போதும். பட்டியலைத் திருப்பி எழுத வேண்டாம். நூலகர் மெல்வில் டூயி தொடங்கிய லைப்ரரி பியூரோ நிறுவனம் இந்த அட்டைகளையும் பெட்டிகளையும் விற்றது. அதே யோசனையைக் கடிதத்துக்குப் பெரிசு பண்ணினாங்க. காகிதத்தை மடிக்காமல் ஃபோல்டரில் போட்டு, ஆழமான டிராயரில் நெட்டுக்குத்தா நிறுத்துவது. வந்த கடிதமும் போன கடிதத்தின் நகலும் ஒரே ஃபோல்டரில். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இந்த முறைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அடுத்தது அலகு அலகாக அடுக்குவது. 1899-இல் குளோப், வெர்னிக்கி என்ற இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் பெட்டிகளை விற்றன. இன்னைக்கு நாலு, அடுத்த வருஷம் இன்னும் நாலு என்று வாங்கிச் சேர்க்கலாம். அளவு ஒன்றாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. இன்றைய பட்டறையில் ஸ்குரூவுக்கும் டிரில் பிட்டுக்கும் நிற்கிற மாடுலர் பீரோவிலும் வேலை செய்வது இதே விதிதான்.

இதுல ஒரு இழப்பும் இருக்குங்க. "இது எனக்குத்தான் தெரியும்" என்பது பழைய குமாஸ்தாவுக்கு ஒரு பலம். அந்த நினைவு பீரோவுக்குள் போனதும், அவர் இடத்தில் யாரையும் உட்கார வைக்கலாம் என்றாகிவிட்டது. ஃபைல் எடுத்து வைக்கும் வேலைக்கு இளம்பெண்கள் நிறையப் பேர் வந்தாங்க. வீட்டுக்கு வெளியே சம்பளம் கிடைத்தது உண்மை. அது குறைந்த சம்பளம் என்பதும், மேலே ஏற வழி குறைவு என்பதும் உண்மை.

அதனால உங்க இடத்துக்கு இழுப்பறைப் பீரோ வாங்கும்போது, எத்தனை டிராயர், எவ்வளவு எடை தாங்கும் என்பதோடு இதையும் கேளுங்க: நாளைக்கு நான் லீவு போட்டா, நேற்று சேர்ந்த பையனால் ஒரு நிமிஷத்தில் பொருளை எடுக்க முடியுமா? முடியும்னா பீரோ சரி. எல்லாத்தையும் அதில் எழுதி வச்ச அந்தப் பழைய ஆளுக்கு அதுக்கப்புறமும் மரியாதை இருக்கான்னு பார்த்துக்கிட்டா, ஆபீஸும் சரி.