கலங்கிய நீரும் தெளிந்த அறிவும்

கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிரப்பி, அதில் வண்ண மீன்களையும் கடற்சாமந்திகளையும் வளர்ப்பது இன்று பல நாடுகளிலும் பரவிய வழக்கமாகும். அத்தகைய தொட்டியை வைத்திருப்போர் எவரும் தப்பமுடியாத துன்பம் ஒன்றுண்டு. நேற்றுப் பளிங்குபோல் இருந்த நீர் இன்று பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கும். அன்றேல் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறியிருக்கும். நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்புதலே பலருக்கும் முதலில் தோன்றும் பரிகாரம். அது தக்க பரிகாரந்தானா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அறிஞர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் பெரும்பகுதி இங்கிலாந்திலே நிகழ்ந்தது.

1846ஆம் ஆண்டில் அனா தின் என்னும் சீமாட்டி, டோர்க்கீ என்ற கடற்கரை ஊரிலே தாம் சேகரித்த முருகைக்கல் உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். கடலோ தொலைவில் இருந்தது; நாள்தோறும் புதிய கடல்நீர் பெறுதல் எளிதன்று. எனவே அவருடைய பணிப்பெண் திறந்த சாளரத்தின் முன் நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி ஊற்றி வந்தாள். காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டில் அச்சீமாட்டி கடற்பாசிகளையும் நீரில் இட்டுவைத்தார். பழைய நீரையே பேணிக் காக்கலாம் என்பதற்கு இது முற்காலச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

1849ஆம் ஆண்டில் றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், இலண்டன் மருந்து வணிகர் சங்க மண்டபத்திலே ஒரு சோதனையைத் தொடங்கினார். பன்னிரண்டு கலன் நன்னீரிலே இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். மீன் வெளியிடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும். செடி வெளியிடும் ஒட்சிசனை மீன் கொள்ளும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆயினும் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கின. வாரிங்டன் நீரைக் கொட்டவில்லை. கலக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து, அழுகிய இலைகளைத் தின்னும் நீர்நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நீர் தெளிந்தது. இம்முடிவை 1850ஆம் ஆண்டில் இரசாயனச் சங்கத்தின் முன் அவர் வெளியிட்டார். 1852ஆம் ஆண்டில் கடல்நீரிலும் இதே முறையைக் கையாண்டு, பச்சைக் கடற்பாசிகளே அதற்கு ஏற்றவை எனக் கண்டார்.

இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டிலேயே கண்ணாடி வரி நீக்கப்பட்டிருந்தது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் இத்துறைபற்றி எழுதிய நூல் வெளிவந்தது. செல்வர் வீட்டுக் கூடங்களிலெல்லாம் கடற்றொட்டிகள் தோன்றின. ஆனால், சிறு தொட்டியிலே உயிர்களை நெருக்கி அடைத்து, வெயில் படும் சாளரத்தருகே வைத்து, உணவையும் அளவின்றி இட்டால் என்னாகும்? நீர் நாறியது, உயிர்கள் மடிந்தன. பலர் மனம் சலித்துத் தொட்டிகளைக் கைவிட்டனர்.

அக்காலத்தில் உண்மையை நெருங்கி வந்தவர் வில்லியம் அல்போட் லொயிட் என்பவர். வறுமையில் வளர்ந்த அவர், கடலுயிர்களை விற்கும் கடையொன்றை இலண்டனில் நடத்தினார். பச்சை நிறமேறிய கடல்நீரை இருளிலே வைத்தால் அது தெளிவடைவதை அவர் கண்டார். 1864ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலும், 1871ஆம் ஆண்டில் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் எழுந்த பெரும் மீன்காட்சியகங்கள் அவர் திறத்தால் அமைந்தவை. பளிங்கு மாளிகையில், காட்சித் தொட்டிகளிலும் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்று கீழே இருந்தது. பம்பிகள் நீரை ஓயாது மேலும் கீழும் சுழலச் செய்தன. நீரை மாற்றாதே, ஓடவிடு என்பதே லொயிட்டின் கொள்கை.

இருளில் நீர் பச்சை நீங்குவது, வெளிச்சமின்றிப் பாசி அழிவதனால் ஆகும். ஆனால், மீன்களின் கழிவு எங்கே போயிற்று? இதற்கு விடை மீன்தொட்டியிலன்றி, மண்ணிலும் சாக்கடை நீரிலும் கிடைத்தது. 1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான சுலேசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும் சாக்கடை நீரை மணலும் சுண்ணக்கல்லும் நிறைந்த குழாயினூடே வடியவிட்டனர். இருபது நாள்வரை மாற்றம் எதுவுமில்லை. பின்னர், நீரிலிருந்த அமோனியா நைத்திரேற்றாக மாறத் தொடங்கியது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. எனவே அது உயிர்களின் தொழிலே என்பது புலனாயிற்று.

இக்கண்டுபிடிப்பை இங்கிலாந்திலே தொடர்ந்து ஆராய்ந்தவர் வேறு யாருமல்லர். பொன்மீன் சோதனை செய்த வாரிங்டனின் மகனே ஆவர். தந்தையின் பெயரையே தாங்கிய அவர், தந்தை நத்தைகளை இட்டு நீரைத் தெளிவித்த காலத்தில் சிறுவனாயிருந்தவர். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகிறது என்பதையும், இவ்விரு படிகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் நிகழ்த்துகின்றன என்பதையும் அவர் காட்டினார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பெருமை 1890ஆம் ஆண்டளவில் ருசிய அறிஞர் விநோகிறாட்ஸ்கிக்குக் கிடைத்தது. 1867ஆம் ஆண்டிலேயே மறைந்த தந்தை இவற்றை அறிந்திலர்.

இவ்வரலாற்றை அறிந்தவர், நீர் கலங்கியதும் வாளியைத் தேடார், காரணத்தைத் தேடுவார். நீர் பால்போல் வெளுத்தால், மிஞ்சிய உணவிலோ மறைவிடத்தில் இறந்துகிடக்கும் உயிரிலோ பற்றீரியா பெருகியிருத்தல் கூடும். அதனை அகற்றி, உணவைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டவேண்டும். நீர் பச்சையானால் வெளிச்சமும் கழிவும் மிகுந்துள்ளன என்று கொள்க. மஞ்சளானால் அழுகிய பொருள்களின் சாரம் நீரிற் கரைந்திருக்கும். தூண்டிய கரியும், சிறிதளவு நீர்மாற்றமும் அதனைத் தீர்க்கும். இவற்றை விடுத்து, எல்லா நீரையும் கொட்டி, மணலையும் குளோரீன் கலந்த குழாய்நீரால் கழுவுவோர், நீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்களையே அழித்தோராவர். புதிதாக இட்ட நீர் சில நாள் தெளிவாய் இருக்கும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத அமோனியா அதிலே பெருகும். கலங்கிய நீராவது முன்னரே எச்சரிக்கை செய்கிறது. நஞ்சு கலந்த தெளிந்த நீர் அதனையும் செய்வதில்லை.