தண்டவாளம் கிடந்த வழியில்

எங்கள் பாடசாலையின் நூறு ஆண்டுகளை எழுதும்போது அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் இடம்பெறுகின்றன. பிள்ளைகள் எந்த வழியால் வந்தார்கள், மேற்படிப்புக்கு எந்த வழியால் போனார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் பகுதியில் பல பெண் பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானித்தது பஸ் தரிப்பிடம்தான். ஆகவே வழிகளின் வரலாறு ஒன்றையும் இம்மலரில் சேர்க்க விரும்பினோம்.

மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் தெற்கேயிருந்து நகருக்குப் போக வாவியைத் தோணியில் கடக்க வேண்டும். 1928 இல் புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அப்பாதையைப் பொத்துவில் வரை நீட்டும் பேச்சை எங்கள் தாய்மாரும் கேட்டார்கள், நாமும் கேட்டோம், எங்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஆகவே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இக்கரையில் எல்லாரும் நம்பியிருப்பது ஒரே பிரதான வீதியைத்தான். பேராதனைக்கும் கொழும்புக்கும் படிக்கப் போன எங்கள் அக்காமார் பலர் பெட்டியோடு பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் இரவு ரயிலைப் பிடித்தவர்கள்.

தண்டவாளத்தின் இடத்தைப் பஸ் எடுத்த கதை எங்கள் நாட்டிலும் உண்டு. கொழும்பில் 1899 இல் ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றொன்று மருதானை வழியாகப் பொரளைக்கும் சென்றன. ஏ. ஈ. குணசிங்க தலைமையில் 1929 இல் நடந்த ட்ராம் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் பேர் பெற்றது. 1944 இல் மாநகர சபை ட்ராமைப் பொறுப்பேற்றது. 1953 இல் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. 1960 இல் ட்ராம் நின்றது. 1964 இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. பஸ் சேவைகள் 1958 முதல் அரசுடைமையாகியிருந்தன. ஆனால் தண்டவாளம் கிடந்த இடம் பஸ்ஸுக்கென்று ஒதுக்கப்படவில்லை. அது பொது வீதியோடு கலந்தது. காரும் லொறியும் பெருகப் பெருக, அறுபது பேரை ஏற்றிய பஸ் ஒருவர் இருக்கும் காரின் பின்னால் காத்து நின்றது. பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை ஒதுக்கிப் பார்க்கும் முயற்சி கொழும்பில் 2017 இல்தான் இராஜகிரியப் பக்கம் நடந்தது.

வேறு விதமாகச் செய்த ஊர்கள் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ளன. அவர்களும் எங்களைப் போலக் கடலால் அடிபட்டவர்கள். 2004 டிசம்பர் 26 எங்களுக்கு எப்படியோ, 2011 மார்ச் 11 அவர்களுக்கு அப்படி. 1896 இல் பேரலையால் அழிந்த நாள் முதல் ரயில் கேட்டு வந்த அக்கரைக்குக் கெசென்னுமா பாதை முழுமையாகத் திறந்தது 1977 இல்தான். முப்பத்துமூன்று ஆண்டு கழித்து அடுத்த பேரலை நிலையங்களையும் பாலங்களையும் கொண்டுபோனது. அதனோடு இணையும் ஒஃபுனாதோ பாதையும் சிதைந்தது.

மீண்டும் ரயில் போடப் பெரும் பணமும் நீண்ட காலமும் தேவைப்பட்டன. பிள்ளைகளோ உடனே பள்ளிக்குப் போக வேண்டும். ஆகவே மிஞ்சிய இடங்களில் தண்டவாளத்தைக் கழற்றித் தார் போட்டார்கள். 2012 இல் கெசென்னுமா பாதையிலும் 2013 இல் ஒஃபுனாதோ பாதையிலும் பஸ் ஓடியது. முதலில் பெரும் பகுதி பொது வீதியில்தான் சென்றது. பின்னர் தனிவழி ஆண்டுக்காண்டு நீண்டது. அவ்வழி ஒரு பஸ் அகலமே கொண்டது. இடையிடையே விலகும் இடங்கள் உண்டு. எதிரே வண்டி வருகிறதா என்பதைச் சமிக்ஞை விளக்கு சொல்லும். குறுக்கு வீதிகளில் உள்ள தடைக்கம்பு வேறு வாகனங்களை உள்ளே விடாது.

இழப்பு இல்லாமல் இல்லை. செண்டாய் நகருக்கு நேரே போன ரயில் போய்விட்டது. தூரப் பயணத்துக்குப் பஸ் மெதுவானது. முன்பு அரும்பாடுபட்டுப் பெற்ற ரயிலை விட்டுக்கொடுக்க ஊர்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. ஆனால் சேவைகள் கூடின. மேட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்த குடியிருப்புகள், பாடசாலை, வைத்தியசாலை அருகே புதிய தரிப்பிடங்கள் வந்தன. 2020 இல் அப்பகுதிகளின் ரயில் உரிமம் முறைப்படி முடிந்தது.

இங்கிலாந்தில் வாழும் எங்கள் சகோதரிகள் சிலர் கேம்பிரிட்ஜ், செயின்ட் ஐவ்ஸ் இடையே 2011 முதல் ஓடும் பஸ்ஸைக் கண்டிருப்பார்கள். அதுவும் 1970 இல் பயணிகள் ரயில் நின்ற பாதை. லொஸ் ஏஞ்சல்ஸில் 2005 இல் திறந்த பஸ் பாதையும் பழைய ரயில் நிலத்தில் போனதே. இவ்வூர்கள் ரயில் நின்ற பிறகும் நிலத்தைக் கைவிடவில்லை. கொழும்பு கைவிட்டது. வழியை ஒருமுறை விட்டால் திரும்பப் பெறுவது அரிது.

எங்கள் கரையில் கழற்றுவதற்குத் தண்டவாளமே இல்லை. ஆனால் வீதியின் இருபுறமும் கடைகளும் மதில்களும் நெருங்கி வருகின்றன. ரயில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். எது வந்தாலும் அதற்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தை இன்றே ஒதுக்க வேண்டும். அதுவரை பாடசாலை விடும் வேளையிலாவது சந்திகளில் பஸ் தடையின்றி வந்து நின்று போக இடம் கொடுக்கலாம். சீசன் டிக்கெட் பிள்ளைகளைக் கண்டதும் நிறுத்தாமல் போன வண்டிகளை எங்களில் பலர் மறக்கவில்லை. ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்த பின்னும், பின்னேர விரிவுரை முடிந்து வீடு சேர பஸ் இருக்குமா என்ற கேள்வி பெற்றோரிடம் இருக்கிறது. அதற்கு விடை இல்லாத வீட்டில் மகளின் படிப்பு ஒரு படி கீழேயே நின்றுவிடும்.

பழைய மாணவிகள் சங்கம் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் கொடுத்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வழிக்காகவும் நாம் பேச வேண்டும். பிரதேச சபையிலும் வீதி அபிவிருத்திக் கூட்டங்களிலும் பாடசாலைப் பிள்ளையின் பயணத்தை முதல் விடயமாக வைப்போம். எந்த நாட்டில் வாழும் சகோதரியும், தன் ஊரில் இக்காரியம் எப்படி நடந்தது என்பதை எழுதி அனுப்பினால் அதுவும் பாடசாலைக்குச் செய்யும் உதவியே.