திண்ணைக் கணக்கும் தறிக் கணக்கும்

1960-களின் தொடக்கத்தில் எனக்குக் கோடை விடுமுறை என்றால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அத்தை வீடுதான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 97-ஐ 'நான்கு இருபது, பதினேழு' என்று சொல்கிற பாஷை அது. அதைக் கேட்டு அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அவர், நெசவுக் கூலியை அரைக்கால், மாகாணி வரைக்கும் வாயாலேயே கணக்குப் போட்டுவிடுவார். அவருடைய அண்ணன்மார் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பாடத்தை வீட்டில் உரக்கச் சொல்ல, கேட்டுக் கேட்டே அவருக்கும் மனப்பாடமாகிவிட்டதாம்.

அந்தத் திண்ணைப் படிப்பைப் பற்றிப் பிற்பாடு தேடிப் படித்தேன். 1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று தேறியது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவைதான் கணக்குப் பாடம். முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு வரை பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டும். பிரம்படி உண்டு. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு, தாழ்த்தப்பட்டோருக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. ஆகையால் அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை படித்த கணக்கும் வீட்டில், கடையில், களத்தில் புழங்கிய கணக்கும் ஒன்றாக இருந்தன. தகப்பனே பரீட்சை வைக்கலாம்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா போய் 100 காசு ஆயிற்று. நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் வீட்டில் அத்தை 'ஆறணா' என்பார், பள்ளியில் மாமன் மகன் 37½ காசு என்று எழுத வேண்டும். சொல்லித் தர வீட்டில் ஆளில்லை. 'தறிக்காரப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது' என்றார் வாத்தியார். இழை எண்ணி, புட்டா எண்ணி வளர்ந்த பிள்ளைக்கா ஏறாது! அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றான். கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் நாடா தள்ள ஒரு சின்னக் கை வேண்டுமே, அந்த வேலைக்குப் போய்விட்டான்.

அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை தறியில் உட்காரும். பிடித்தம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துச் சரிசொல்லத் தெரியாத வீட்டில் கடன் தீரவே தீராது. அத்தைக்குக் கணக்குத் தெரிந்ததால் அவரிடம் யாரும் ஒரு காலணா ஏமாற்ற முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தேசியத் திட்டம் தொடங்கி, தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் காஞ்சிபுரத்திலும் நடந்தன. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பெற்றோர் மட்டும் வாசலோடு நின்றார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டம்தான் அவர்களை உள்ளே கூப்பிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றது. காகிதத்தில் கையெழுத்தோடு முடிந்த கூட்டங்களும் உண்டு, குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது தெரியாதா? கொரோனாவுக்குப் பின் 2021-இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' வேறு மாதிரி. தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தார்கள்.

ஒரு மாலை எங்கள் தெருத் திண்ணையில் அந்த வகுப்பு நடந்தது. 24 வரிசை, வரிசைக்கு 11 புட்டா, மொத்தம் எத்தனை என்று கேட்டது அந்தப் பெண். பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டிருக்க, உள்ளே தறியிலிருந்து ஒரு தாயின் குரல் வந்தது: "இருநூத்தி அறுபத்தி நாலு." தன்னார்வலர் எழுந்துபோய், "எப்படிக்கா போட்டீங்க? வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்றது. நாடாவை அப்படியே வைத்துவிட்டு அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி திண்ணைக்கு வந்தார்.