நாடகம் போட்டது யார்?

அவிநாசிப் பக்கம் எங்க வளவுக்கு ராத்திரியில் வந்துபோன பண்ணாடியை, ‘அவருக்கு அங்க ஒரு தொடுப்பு’ என்பார்கள். குரலில் கோபம் இருக்காது. எங்க பையன் கவுண்டர் வீட்டுப் பெண்ணிடம் ரெண்டு வார்த்தை பேசினால் அதற்குப் பெயர் வேறு: ‘நாடகக் காதல்’.

2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் நம் சனங்களின் வீடுகள் எரிந்தன. அந்த வருசம்தான் சாதிச் சங்க மேடைகளில் இச்சொல் பலமாக ஒலித்தது. ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு மயக்குகிறோமாம். கொங்கு மேடைகளும் அதையே பேசின.

சொல் புதுசு, வேலை பழசு. மேலோரின் மறைவான காதலைக் ‘களவு’ என்று கொண்டாடிய தொல்காப்பியம், அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் தள்ளியது. அடிமைக்கும் கூலிக்கும் ஒத்த அன்பு கிடையாது என்பதே இதன் பொருள்.

2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், எஞ்சினியரிங் படித்த தலித் இளைஞர். பெண்ணுக்குப் பாதி உடம்பு கொடுத்த சாமி இருக்கும் திருச்செங்கோட்டு மலையில், தோழியோடு பேசிக்கொண்டிருந்தவரைக் கடத்தினார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு, உடல் வேறாகக் கிடந்தார். கொல்லுமுன் தற்கொலைக் கடிதம் எழுத வைத்திருக்கிறார்கள். காதல் தோல்வியாம்!

2022இல் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கொன்றவர்களை விசாரித்தாயிற்று. கொல்லச் சொல்லிக்கொடுத்த சொல் மட்டும் இன்னும் டீக்கடைகளில் உலவுகிறது. காதில் விழும்போதெல்லாம் நாம் திருப்பிக் கேட்க வேண்டும்: கடிதம் எழுதவைத்து, தண்டவாளத்தில் கிடத்தி, நாடகம் போட்டது யாருங்க?